நம் வீட்டுக்கு மட்டும் திறக்காத பக்கம்

அன்புள்ள பெரியவனுக்கு,

இங்கே ஏதோ நலம், நீ நன்றாக இருந்தால் இன்னும் கொஞ்சம் நலம். வழுக்கி விழுந்ததில் வலது மணிக்கட்டில் கட்டு, அதனால் நான் சொல்லச் சொல்ல உன் தங்கை எழுதுகிறாள். (சொல் அப்பாவுடையது, முற்றுப்புள்ளி மட்டும் என் உபயம், அண்ணா.)

போனில் பேசினால் இரண்டு பேருக்கும் குரல் ஏறிவிடுகிறது, அதுதான் கடிதம். அம்மாவின் படங்களைப் போட்டு நீ நடத்தும் பக்கம் பத்து நாளாகத் திறக்கவில்லை, வட்டம் சுற்றிச் சுற்றிக் கடைசியில் இணைப்பு நேரம் முடிந்துவிட்டது என்று வருகிறது. ரௌட்டரை அணைத்துப் போட்டேன், வயரைப் பிடுங்கிச் செருகினேன், பிரவுசரில் பழையதையெல்லாம் அழித்தேன், வேறு பிரவுசரிலும் பார்த்தேன், மற்றதெல்லாம் வருகிறது, இது மட்டும் வரவில்லை. மாடி வீட்டுத் தையற்காரர் தன் போனில் சட்டென்று திறந்து காட்டினார், அதே போனை நம் வைஃபையில் சேர்த்ததும் அவருக்கும் வட்டம்தான். உங்க வீட்டுக்கு மட்டும் கதவைச் சாத்திட்டாங்க சார் என்றார். விளையாட்டாகத்தான் சொன்னார், எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அம்மா போனபோது உன்னால் வரமுடியவில்லை, நீ வராட்டி என்ன, நாங்க பாத்துக்கிட்டோம் என்று வாயை விட்டவன் நான்தான். அந்தக் கோபத்தில் என்னைத் திட்டு, பேசாமல்கூட இரு, அவள் முகத்தை மட்டும் மறைக்காதே. அங்கே குளிர் என்றாயே, காதை மூடிக்கொண்டு வெளியே போ. நல்லா இரு.

உன் அப்பா

அண்ணா, அப்பா மாத்திரை போடப் போயிருக்கிறார், இனி எல்லாமே நான். நீ சாத்தியிருக்க மாட்டாய், சாத்த வைத்தவள் நான். பக்கத்தின் அடியில் பார்வைகளின் எண்ணிக்கை பதினான்கிலேயே நின்றது. அதுக்குள்ள எல்லாரும் அவள மறந்துட்டாங்க என்று அப்பா ஒரு வாரம் முனகினார். ஒரு மத்தியானம் முழுக்க லேப்டாப் விநாடிக்கொரு தரம் அந்தப் பக்கத்தைத் தானே திறந்து பார்க்கும்படி விட்டுவைத்தேன். ஒன்பதாயிரம் ஏறியது. அப்பா தையற்காரரைக் கூப்பிட்டுக் காட்டினார். மறுநாளே பக்கம் போச்சு. தாக்குதல் என்று நினைத்து உன் சர்வர் நம் வீட்டை அடைத்திருக்கும். அப்பாவிடம் உண்மையைச் சொன்னால் ஒன்பதாயிரமும் போய்விடும். அடைப்பை எடுத்துவிட்டு, கோபமில்லை என்று நீயே போன் செய். எண்ணிக்கையைத் திருத்தாதே. அந்தப் பதினான்கில் பன்னிரண்டு அப்பா.

சின்னவள்