சிக்னல் பாறைக்கு அப்பால்

டாக்டரம்மாவுக்கு,

மண்ணீரல் கிழிந்து வந்த லாரி டிரைவருக்கு நேற்று நீ தனியாக ஆபரேஷன் செய்து முடித்த நேரத்தில் நான் வந்து, "தையல் முடிச்சு கொஞ்சம் இறுக்கம்" என்றேன். உனக்குக் கோபம் என்று நர்ஸ் சொன்னார். இறுக்கமாகத்தான் இருந்தது.

இன்று காலை வார்டை எட்டிப் பார்த்தேன். தலையணை சரியில்லை என்று அந்த டிரைவர் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். நான் மலைக்குக் கிளம்பிவிட்டேன்.

சிக்னல் பாறை நினைவிருக்கிறதா? மலையில் அதுவரைதான் போன் சிக்னல் கிடைக்கும். ஊருக்கே ஒரு சர்ஜன் என்பதால், அதைத் தாண்டி நான் போனதில்லை. சின்ன வயதில் நீ, "அந்த வளைவுக்கு அப்புறம் என்னப்பா இருக்கு?" என்று என் சட்டையைப் பிடித்து இழுப்பாய்.

"யாருக்காவது வயித்த வலிச்சா கூப்பிடுவாங்கம்மா. திரும்பலாம்."

"உங்கப்பா கால்ல கயிறு கட்டி ஆஸ்பத்திரித் தூண்ல முடிஞ்சிருக்காங்க" என்று உன் அம்மா சிரிப்பாள். நீயும் சர்ஜனாகி என்னோடு வேலைக்குச் சேர்ந்த பிறகும் நான் அந்தப் பாறையிலேயே திரும்பிக்கொண்டிருந்தேன்.

வளைவுக்கு அப்புறம் ஒரு குளம் இருக்கிறது. உடம்பே சிலிர்க்கிற குளிர்ந்த தண்ணீர். அதில் காலை விட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். கீழே இறங்கும் ஆட்டுக்காரரிடம் கொடுத்தனுப்புகிறேன். கூடாரம் போட்டாயிற்று. நாளை மறுநாள்தான் வருவேன்.

உன் மேசையில் என் போனைப் பார்த்துவிட்டு, நான் மறந்து வைத்துவிட்டேன் என்று நினைத்து ஆள் அனுப்பாதே. மறக்கவில்லை. அடித்தால் நீயே எடுத்துப் பேசு.

அப்பா