பச்சைக் காரும் நாற்பத்தைந்து ஞாயிறும்

செம்பவாங்,
5 மே 2024, ஞாயிறு

அன்பு மருமகள் யும்னாவுக்கு மாமா ஒலி முகம்மது சலாம் சொல்லி எழுதுவது.

இங்கே நானும் உன் உம்மாவும் இறைவன் காவலில் நன்றாக இருக்கிறோம். மெல்பர்னில் குளிர் தொடங்கியிருக்கும், காதை மூடிக்கொண்டு வெளியே போ. வாட்ஸப்பில் எழுதலாமே மாமா என்பாய். எழுதினால் இரண்டு நீலக் கோட்டைக் காட்டிவிட்டுப் பேசாமல் இருந்துவிடுவாய். கடிதத்தில் அந்த வசதி கிடையாது. பதிலும் தபாலில்தான் வர வேண்டும்.

போன வாரம் ஒரு ஆள் கதவைத் தட்டினார். பெயர் சுரேந்தர். ஜாலான் புசாரில் பழைய கார் வாங்கி விற்கிறாராம். "யும்னா மேடம் அனுப்புனாங்க, அந்தப் பச்சை மோரிஸ் மைனரைப் பார்க்கணும்" என்கிறார். உன் வாப்பாவின் காரை! வாசலை மறித்து நின்றேன். "தம்பி, இதுக்கு அரண்மனையிலேருந்தே ஆள் வந்துச்சு. டீ குடுத்துத் திருப்பி அனுப்புனேன். நீங்க டீ குடிக்காமலே போகலாம் லா" என்றேன். போய்விட்டார்.

உன் வாப்பா மௌத்தாகி நம்மை விட்டுப் போய் ஆறு வருஷம் ஆகிறது. கார் உன் பெயரில் இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அதைக் கண்ணாக வைத்துப் பார்ப்பது யார்? 1964-ஆம் வருஷத்து வண்டி. இன்னும் தாம்சன் ரோட்டில் போனால் பஸ்ஸில் இருப்பவர்கள் எழுந்து நின்று பார்க்கிறார்கள். போன மாதம் ஒரு போலீஸ்காரர் மோட்டார் சைக்கிளில் பக்கத்தில் வந்து சலாம் போட்டார். நான் எப்போதும் ஒரு கையால்தான் ஓட்டுவேன். இன்னொரு கை பதில் சலாம் போடுவதற்கு.

விற்க விடமாட்டேன். பேச்சு அவ்வளவுதான்.

இப்படிக்கு,
உன் தாய்மாமா
ஒலி முகம்மது


மெல்பர்ன்,
17 மே 2024

அன்புள்ள மாமாவுக்கு,

சலாம். தபால் தலை வாங்க அரை மணி நேரம் நடந்தேன். உங்களுக்காக.

மாமா, பழங்கால வண்டி என்பதால் அந்தக் காரை வருஷத்தில் நாற்பத்தைந்து நாள்தான் ஓட்ட அனுமதி. மிச்ச நாளெல்லாம் கார்பார்க்கில் துணி போர்த்திக்கொண்டு தூங்குகிறது. அதில் ஏர்பேக் இல்லை, பவர் ஸ்டீயரிங் இல்லை. உங்களுக்கு எழுபத்திரண்டு வயது. பக்கத்தில் அறுபத்தாறு வயது உம்மாவை உட்கார வைத்துக்கொண்டு ஒரு கையால் ஓட்டுகிறேன் என்று பெருமையாக எழுதுகிறீர்கள்.

சின்ன வயதில் உங்கள் கதை கேட்டுத்தான் சோறு சாப்பிட்டேன். அரபு இளவரசரைப் பின்சீட்டில் வைத்துச் சாங்கி ஏர்போர்ட் வரைக்கும் ஓட்டிய கதை எனக்கு இன்னும் மனப்பாடம். ஜூரோங்கில் நீங்கள் ஓட்டியது சரக்குத் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் என்று பன்னிரண்டு வயதில்தான் தெரிந்தது. அப்போதும் எனக்குக் கோபம் வரவில்லை. இப்போது வருகிறது.

வாப்பா போன செய்தி எனக்கு ஆபீஸ் மீட்டிங்கில் வந்தது. ஓடி வந்தேன். நான் வீடு சேரும்போது அடக்கம் முடிந்து எல்லோரும் திரும்பியிருந்தார்கள். அப்படி இன்னொரு போன் எனக்கு வரக்கூடாது. அதற்காகத்தான் விற்கிறேன், வேறு எதற்காகவும் இல்லை.

உம்மாவிடம் போனில் கேட்டேன். "ஒன் இஷ்டம்மா, நான் எங்க போறேன், வீட்லதானே இருக்கேன்" என்றார்கள். அவர்களுக்கே அக்கறை இல்லாத காருக்கு நீங்கள் ஏன் மல்லுக்கு நிற்கிறீர்கள்?

சுரேந்தர் ஜூன் 23 ஞாயிறு காலை திரும்ப வருவார். சாவியைக் கொடுத்துவிடுங்கள்.

அன்புடன்,
யும்னா


செம்பவாங்,
26 மே 2024, ஞாயிறு

அருமை மருமகளுக்கு,

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை கோபத்தில், இரண்டாம் தடவை கண்ணாடி போட்டுக்கொண்டு.

ஃபோர்க்லிஃப்ட் என்று கேலி பண்ணுகிறாய். அதை ஒரு இஞ்ச் இடைவெளியில் திருப்புகிறவன் விமானத்தையே ஓட்டலாம். அப்படித்தான் ஒரு ஜப்பான்கார மேனேஜர் என்னைக் கட்டிப்பிடித்துச் சொன்னார். இளவரசர் கதையும் பொய் இல்லை. கொஞ்சம் நீளம், அவ்வளவுதான்.

கார் துணி போர்த்திக்கொண்டு தூங்குகிறதாம்! யார் சொன்னது? ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வெளியே போகிறது. தேக்கா மார்க்கெட்டில் ஆட்டுக்கறி, டன்லப் ஸ்திரீட்டில் ஒரு டீ, அப்புறம் வீடு. உனக்கு நம்பிக்கை வரட்டும் என்று கடையில் கழுவி எடுத்த போட்டோ ஒன்று வைத்திருக்கிறேன். டிரைவர் கதவைத் திறந்து நானே எடுத்தது. சீட்டில் ஒரு கிழிசல் உண்டா பார். ஆறடி மனுஷன் வாரா வாரம் உட்கார்ந்து ஓட்டும் சீட்டு!

இந்தப் போட்டோவைப் பார்த்த பிறகும் விற்க மனசு வந்தால் நீ என் தங்கச்சி ரபியா வயிற்றில் பிறந்தவளே இல்லை.

சாவி என்னிடம் இல்லை. தொலைந்துவிட்டது என்று வைத்துக்கொள்.

உன் மாமா
ஒலி முகம்மது


மெல்பர்ன்,
5 ஜூன் 2024

மாமா,

போட்டோ கிடைத்தது. கிழிசல் இல்லை. வேறு பலது இருக்கிறது.

டிரைவர் சீட்டு ஸ்டீயரிங்கை முட்டுகிற அளவுக்கு முன்னால் தள்ளியிருக்கிறது. அதன் மேலே, உம்மா நூலில் பின்னிய ஊதாப்பூ குஷன். நீங்கள் சொல்கிறபடி ஆறடி ஆள் அதில் உட்கார்ந்தால் முழங்கால் காதைத் தொடும். இடதுபக்கச் சீட்டு நன்றாகப் பின்னால் போயிருக்கிறது. அதில் உங்கள் மூக்குக்கண்ணாடிக் கூடும் பாதி சாப்பிட்ட முறுக்குப் பொட்டலமும் கிடக்கின்றன.

ஒரே ஒரு கேள்வி. காரை யார் ஓட்டுகிறார்கள்?

கதை வேண்டாம் மாமா.

யும்னா


செம்பவாங்,
23 ஜூன் 2024, ஞாயிறு

மருமகளே,

கதை வேண்டாம் என்றாய். சரி. எனக்குக் கார் லைசென்ஸ் கிடையாது. எப்போதும் இருந்ததில்லை. ஓட்டுவது உன் உம்மா.

உன் வாப்பா தங்கமான மனுஷர், அதில் சந்தேகம் இல்லை. ஆனால் முப்பது வருஷம் அந்தக் காரைக் கழுவியது ரபியா. ஸ்டீயரிங்கை அவள் தொட்டதில்லை. "நீ துடை, நான் ஓட்டுறேன்" என்பார், சிரித்துக்கொண்டே. அவளும் சிரிப்பாள். பின்சீட்டில் உட்கார்ந்து நானும் சிரித்திருக்கிறேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது கூச்சமாக இருக்கிறது. கடைசியில் காரை உன் பெயருக்கு மாற்றினார். அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அவர் போன பிறகு நாலு மாதம் பத்து நாள் அவள் வெளியே போகாமல் இத்தா இருந்தாள். முடிந்த மறுநாள் காலை சாவியோடு அண்ணன் என் முன்னால் வந்து நின்றாள். "காக்கா, நான் கத்துக்கப் போறேன். யும்னாகிட்ட சொன்னா, பஸ்ஸுலகூடப் போகாதேம்பா. நீங்க வாயைத் தொறக்கக்கூடாது" என்றாள். அப்போது அவளுக்கு அறுபது வயது. மூன்று தடவை ஃபெயில். நான் சொல்லிக்கொடுத்ததையெல்லாம் மறந்த பிறகு நாலாவது தடவை பாஸ் ஆனாள்.

ரகசியத்தை ஏன் என்னிடம் கொடுத்தாள் தெரியுமா? நான் உண்மையைச் சொன்னாலும் எவனும் நம்பமாட்டான். அதைவிடப் பத்திரமான பெட்டி சிங்கப்பூரில் கிடையாது. நான்தான் ஓட்டுகிறேன் என்று ஊரெல்லாம் சொன்னதும் அதை மூடி வைக்கத்தான். எனக்கும் கொஞ்சம் இனிப்பாக இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். காரின் இன்ஷூரன்ஸ் காகிதத்தை ஒருநாளாவது பிரித்துப் பார்த்தாயா? ஓட்டுநர்: ரபியா பீவி. காகிதமெல்லாம் உம்மா பார்த்துக்கொள்வார்கள் என்று விட்டது நீதான்.

வருஷத்துக்கு ஐம்பத்திரண்டு ஞாயிறு. நாற்பத்தைந்து நாள் ஓட்டுகிறாள். மிச்சம் ஏழு ஞாயிறு அவள் முகத்தைப் பார்க்க முடியாது. சட்டிபானை எல்லாம் பேசும்.

இன்று காலை சுரேந்தர் வந்தார். நான் மறிக்கத்தான் நின்றேன். உன் உம்மா என்னைத் தள்ளிவிட்டு, "ஏறுங்க தம்பி, வண்டியைப் பார்க்காம எப்படி வாங்குவீங்க?" என்று முன்சீட்டைக் காட்டினாள். செம்பவாங்கிலிருந்து தேக்கா வரை அந்த மனுஷர் கதவுப் பிடியை விடவில்லை. டன்லப் ஸ்திரீட்டில் இரண்டு காய்கறி லாரிக்கு நடுவில் பின்பக்கமாக ஒரே திருப்பில் நிறுத்தினாள். லாரிக்காரன் தக்காளிக் கூடையைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தான். இதில் நான் ஒரு தக்காளிகூடக் கூட்டிச் சொல்லவில்லை.

இறங்கியதும் சுரேந்தர், "அம்மா, நல்ல வெலை தர்றேன்" என்றார்.

"வெலை சொன்னது யாரு? நான் விக்கவே இல்லையே" என்றாள்.

"மேடம்தான் ஓனர்னு..."

"மேடம் என் மக. அவகிட்ட நான் பேசிக்கிறேன். டீ குடிச்சிட்டுப் போங்க."

குடித்துவிட்டு எம்ஆர்டி ரயிலில் போனார்.

போன் வந்துவிடும் என்று பயப்படுகிறாய். ஒன்று மட்டும் நினைத்துப் பார். உன் வாப்பாவுக்கு அந்த நேரம் வந்தபோது அவர் காரில் இல்லை. சோபாவில் உட்கார்ந்திருந்தார்.

காரைத் தன் பெயருக்கு மாற்றச் சொல்லி ரபியா உன் போனுக்கு ஒரு விண்ணப்பம் அனுப்பியிருக்கிறாள். நீ சம்மதம் என்று ஒரு இடத்தில் அழுத்தினால் போதுமாம். அவள் பக்கத்தில் நின்று சொல்லச் சொல்ல எழுதுகிறேன்: "அது அவ வாப்பா காரு இல்ல. நான் கழுவுன காரு."

ஒலி முகம்மது


மெல்பர்ன்,
4 ஜூலை 2024

அன்புள்ள மாமா,

கடிதம் வந்து மூன்று நாள் அதையே திரும்பத் திரும்பப் படித்தேன். அறுபது வயதில் ஒருவர் நாலு தடவை டிரைவிங் டெஸ்ட்டுக்குப் போயிருக்கிறார், மகளுக்குத் தெரியவில்லை. சொல்ல முடியாத மகளாக இருந்திருக்கிறேன் என்பது அதைவிடப் பெரிதாகக் குத்தியது.

நாலாம் நாள் உம்மாவைக் கூப்பிட்டேன். "ஓட்டும்போது போன் எடுக்காதீங்க உம்மா" என்றேன். "ஓட்டும்போது நீ போன் பண்ணாதே" என்றார்கள். அப்புறம் இரண்டு பேரும் சிரித்தோம். நான் கொஞ்சம் அழுதேன். அதை அவர்களிடம் சொல்ல வேண்டாம்.

அழுத்திவிட்டேன். கார் இனி அவர்களுடையது. பயம் போகவில்லை. அதை நான் வைத்துக்கொள்கிறேன்.

டிசம்பர் 15 ஞாயிறு வருகிறேன். நாற்பத்தைந்தில் ஒரு நாளை மிச்சம் வைத்து, உம்மா சாங்கிக்கு வரட்டும். இடதுபக்கச் சீட்டு எனக்கு. முறுக்கை எடுத்துவிடுங்கள். நீங்கள் பின்சீட்டில்.

யும்னா


செம்பவாங்,
14 ஜூலை 2024, ஞாயிறு

மருமகளே,

பின்சீட்டா? எழுபத்திரண்டு வயதில் என்னைப் பின்னால் தள்ள யாருக்கும் துணிச்சல் வந்ததில்லை. என் இடத்தை விட்டு இம்மியும் நகரமாட்டேன் என்று உன் உம்மாவிடம் சொன்னேன். "அப்ப நீங்க பஸ்ஸுல வாங்க காக்கா" என்று சொல்லிவிட்டு மீன் கழுவப் போய்விட்டாள்.

யோசித்துப் பார்த்தேன். அந்த இளவரசரும் சாங்கிக்குப் பின்சீட்டில்தான் உட்கார்ந்து போனார்.

எனக்கும் ஒரு குஷன் பின்னச் சொல்லியிருக்கிறேன். பச்சை நிறத்தில்.

உன் மாமா
ஒலி முகம்மது
(ஐந்தடி நாலங்குலம்)