சௌந்தர்யாவின் தட்டு

செப்டம்பர் 29, ஞாயிறு

இன்றும் ஆபீஸ். முட்டைக்கு ஞாயிறு தெரியாது என்பார் மேனேஜர் ஜெகதீஸ்வரன் சார். கோழி தினமும் இடுகிறது, லாரி தினமும் கிளம்புகிறது. ஆகவே பயிற்சியில் இருக்கும் நானும் சௌந்தர்யாவும் ஒன்றுவிட்டு ஒரு ஞாயிறு வரவேண்டும். பதிலுக்கு வேறு நாள் லீவு கிடையாது.

ராசிபுரத்தில் பஸ் ஏறியதிலிருந்து நாமக்கல் வரை சௌந்தர்யா என் தோளில் தூங்கினாள். எனக்குத் தூக்கம் வரவில்லை. ஆகஸ்டில் இதே பஸ்ஸில்தான் அவளிடம் புலம்பினேன்: என்னால் முடியவில்லை, துணி துவைக்கக்கூட ஒரு நாள் இல்லை என்று. அன்றைக்கே அவள் எல்லோர் முன்னாலும் சாரிடம் கேட்டுவிட்டாள். "ஞாயித்துக்கிழமை வந்தா வேற நாள் லீவு தரணுமில்லீங்க சார்? எங்க ரெண்டு பேருக்குந்தான் கேக்கறேன்."

சார் என் பக்கம் திரும்பினார். "ஏம்மா அறிவுச்செல்வி, உங்களுக்கும் சிரமமா இருக்குதா?"

"இல்லீங்க சார்."

சொன்னது என் வாய்தான். சௌந்தர்யா அதைப் பற்றி இன்றுவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை.

அடுத்த மாதத்தோடு ஆறு மாதப் பயிற்சி முடிகிறது. எங்கள் இருவரில் ஒருவரைத்தான் வைத்துக்கொள்வார்கள்.

அக்டோபர் 3, வியாழன்

மதியச் சாப்பாட்டின்போது பில்லிங் சண்முகப்பிரியா, எங்களுக்குச் சம்மு, போனில் ஒரு வீடியோ காட்டினாள். கோழி இறக்கைகளை வரிசையாக வைத்துத் தின்கிறார்கள். ஒவ்வொன்றிலும் காரம் கூடிக்கொண்டே போகிறது. கண்ணீர், மூக்குச்சளி, ஒரே சிரிப்பு. நாமும் செய்யலாம் என்றாள் சம்மு.

"நாமக்கல்னா முட்டைதான பேரு. ரெக்கைக்கும் ஒரு நாள் வரட்டுமே" என்றார் லோடு பிரிவு குணசீலன் அண்ணன்.

"நான் ரெடி. அஞ்சு ரவுண்டும் முடிப்பேன்" என்றாள் சௌந்தர்யா.

நான் அவள் டிபன் பாக்ஸைப் பார்த்தேன். தயிர்சோறு. ஜூலையில் தொண்டை வழியாகக் குழாய் விட்டுப் பார்த்து வயிற்றில் புண் என்று சொல்லிவிட்டார்கள். மிளகாயைக் கண்ணால்கூடப் பார்க்கக் கூடாதாம். என்னிடம் மட்டும்தான் சொன்னாள். நோயாளிப் பெண் என்று பெயர் வந்தால் வேலையில் வைத்துக்கொள்ள மாட்டார்களே என்று பயம். மாட்டேன் என்றால் சம்மு ஏன், எதற்கு என்று தோண்டுவாள்.

எங்கே வைப்பது? சம்மு ஹாஸ்டலில் விடமாட்டார்கள். சௌந்தர்யா வீட்டு ஓனர் சைவம். குணா அண்ணன் வீட்டில் கைக்குழந்தை. மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"சரி" என்றேன். நான் எப்போது சரி சொல்லாமல் இருந்திருக்கிறேன்? ஆனால் ஒன்று — இதுவரை யாரையும் நான் வீட்டுக்குக் கூப்பிட்டதில்லை.

அக்டோபர் 6, ஞாயிறு

அம்மாவிடம் சொல்ல மூன்று நாள் ஆனது.

"வாயெரிஞ்சு அழுவறதுக்கு ஒரு விருந்தா சாமி?" என்றது அம்மா. பிறகு விரல் விட்டு எண்ணியது. "பொரட்டாசி முடியோணும். அதுக்கடுத்த செவ்வாக்கெழம மாரியாயி நோம்பிக்குப் பூச்சாட்டு. பூச்சாட்டிட்டா நோம்பி முடியற வரைக்கும் ஊருக்குள்ள கறி ஆகாது, மொளகா வறுக்கப்படாது. நடுவுல ஒரே ஒரு ஞாயித்துக்கெழமதான் இருக்குது."

இருபதாம் தேதி.

சேகோ மில்லில் ஜவ்வரிசி வேலை முடிந்து வந்த அப்பாவுக்கு வேறு கவலை. "ரெக்கையா? ஊட்டுக்கு வாரவங்களுக்கு ரெக்கையப் போடறதா? அதுல என்ன கறி இருக்குது? நம்மள என்னன்னு நெனப்பாங்க?" விளக்கிப் பார்த்தேன். கேட்கவில்லை. நாட்டுக்கோழி ஒன்று தனியாகப் பிடிக்கப்போகிறாராம்.

அக்டோபர் 13, ஞாயிறு

ஆபீஸ். தலைவலி.

அக்டோபர் 17, வியாழன்

சார் கூப்பிட்டார். கதவைச் சாத்தச் சொன்னார்.

"உங்களைத்தான் வெச்சுக்கறதா முடிவு பண்ணியிருக்கோம். திங்கக்கிழமை லெட்டர் தாரேன். அதுவரைக்கும் வெளிய சொல்ல வேண்டாம். நாளைக்கு ஒரிஜினல் சர்டிபிகேட்டெல்லாம் கொண்டாந்து குடுத்திருங்க."

தலையாட்டினேன். அவராகவே தொடர்ந்தார். "வேலைல அந்தப் பொண்ணு உங்களைவிட வேகந்தான். ஆனா எதுக்கெடுத்தாலும் கேள்வி. நீங்க வாயத் தொறக்கறதில்ல பாருங்க, அது பெரிய குணம்."

அது குணமா? பயம் சார் அது. ஆனால் அதையும் சொல்லவில்லையே.

அப்பாவிடம் சொன்னேன். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு போய் ஒரு பொட்டலம் மிக்சர் வாங்கி வந்தார். எங்கள் சொந்தத்தில் டிகிரி வாங்கிய முதல் ஆள் நான். முதல் நிரந்தர வேலையும் இதுதான். மிக்சரை அம்மா பக்கம் நகர்த்தினேன்.

அக்டோபர் 18, வெள்ளி

சர்டிபிகேட் பையைத் துணிப்பைக்குள் வைத்து, அதன்மேல் டிபன் பாக்ஸை வைத்துக் கொண்டுபோனேன். திருட்டுப் பொருள் மாதிரி. மதியம் சாப்பாட்டு அலமாரியில் என் பை சரிந்து கிடந்தது. சௌந்தர்யா அவள் பாக்ஸை எடுத்துக்கொண்டிருந்தாள். பார்த்தாளா? ஒன்றும் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைக்குப் பச்சைச் சுடிதாரா, மஞ்சளா என்றுதான் கேட்டாள்.

விருந்தைத் தள்ளிப்போடலாம் என்றால் பூச்சாட்டு. எப்படிப் பார்த்தாலும் லெட்டருக்கு முந்தின நாள்தான்.

அக்டோபர் 19, சனி

பிராய்லர் கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "வெறும் ரெக்கையா? ஏனுங்கம்மணி, ரெக்கைய நாங்க கறியோட வெட்டிப் போட்டர்றது. பதினஞ்சுக்கு எட்டுக் கோழி அறுக்கோணுமே!" நாளைக்கு ஞாயிறு, எப்படியும் அறுக்கத்தானே போகிறார் என்று சொல்ல நினைத்தேன். அவரே சிரித்துக்கொண்டு, "செரி, காத்தால ஏழு மணிக்கு வாங்க. தோலோடவா, உரிச்சா?" என்றார்.

சம்மு வரவழைத்துக் கொடுத்த சாஸ் பாட்டில் ஒரு சாண்கூட இல்லை. மூடியைத் திறந்தேன், தும்மல் நிற்கவில்லை. முதல் ரவுண்டு மிளகு. பிறகு நீட்டு மிளகாய், பச்சை மிளகாய், காந்தாரி. கடைசியில் இந்தப் பாட்டில்.

சௌந்தர்யாவுக்கு ஒரு தனிக் கிண்ணம். தக்காளி, பீட்ரூட் சாறு, துளி வெல்லம். ஒரு சிட்டிகை மிளகாய்கூட இல்லை. கொதிக்கவைத்துச் சுண்டினால் மற்றதைவிடச் சிவப்பாக இருக்கிறது. யாருக்கும் தெரியாது. அவளிடமும் சொல்லவில்லை. வாயில் வைத்ததும் தெரிந்துகொள்வாள், நடித்துவிடுவாள். அவளுக்கு நடிக்கச் சொல்லித்தர வேண்டியதில்லை.

இதைச் செய்தால் நான் வாயை மூடிக்கொண்டிருப்பதற்கு ஈடாகிவிடுமா? தெரியவில்லை. கை எரிகிறது.

அக்டோபர் 20, ஞாயிறு

எல்லோரும் போய்விட்டார்கள். பாத்திரம் கழுவியாகிவிட்டது. எழுதிவிட வேண்டும், இல்லாவிட்டால் நாளைக்கு வேறு மாதிரி ஞாபகம் வரும்.

பதினோரு மணிக்கு வந்தார்கள். பக்கத்து வீட்டுச் சின்னாயி அக்காவிடம் நாற்காலி இரவல் வாங்கித் தகரக் கொட்டகையின் அடியில் போட்டிருந்தேன். குணா அண்ணன் பரிசுக்கு ஒரு அட்டை முட்டை கொண்டுவந்திருந்தார், முப்பது முட்டை. "கப்பு வாங்கலாம்னு பாத்தேன். கப்பைப் பொரிச்சுத் திங்க முடியாதே" என்றார்.

மூன்று பேர் சாப்பிடுவது, நான் பரிமாறுவது. நடுவில் ஒரு சொம்பு மோர். மோரைத் தொட்டால் தோல்வி. தட்டு மாறிவிடக் கூடாது என்று ஒவ்வொன்றையும் நானே என் கையால் வைத்தேன்.

முதல் இறக்கை. "இதெல்லாம் ஒரு ஒறப்பா?" என்றாள் சம்மு. சௌந்தர்யா கடித்தாள். ஒரு நொடி மென்றது நின்றது. என்னைப் பார்த்தாள். பிறகு "ஸ்ஸ்… ஆ!" என்று கையை உதறினாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டாவதிலும் அப்படித்தான். நாக்கை நீட்டி விசிறிக்கொண்டு, "ஐயோ, காது அடைக்குது!"

மூன்றாவதில் சம்முவுக்கு மூக்கு ஒழுகியது. குணா அண்ணனுக்கு வழுக்கையில் வியர்வை முத்து முத்தாக நின்றது. சௌந்தர்யாவின் கண் கலங்கியது. அடேயப்பா, கண்ணீரெல்லாம் வரவழைக்கிறாளே என்று நினைத்தேன்.

நான்காவதில் சம்மு மோருக்குப் பாய்ந்தாள். சௌந்தர்யா தலை குனிந்தபடி மென்றாள். தாடையில் சொட்டிய கண்ணீர் தட்டில் விழுந்தது.

பீட்ரூட்டுக்குக் கண்ணீர் வராது. அந்தக் கொட்டகையில் அது தெரிந்தவர்கள் இரண்டே பேர்.

"அழுவாத புள்ள, மோரக் குடி. தோத்தாத்தான் என்ன?" என்றார் குணா அண்ணன்.

"தோக்கறதா? நானா?" என்று சிரித்தாள். சிரிக்கும்போது இன்னும் கொட்டியது.

வாசலில் நின்ற அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டது. "அந்தப் புள்ளைக்கு மட்டும் கண்ணுல எச்சாத் தண்ணி வருது சாமி. போதும்னு சொல்லு." நான் போய் ஐந்தாவதை வைத்தேன். வேறென்ன செய்வது என்று தெரியவில்லை. குணா அண்ணன் பாட்டில் சாஸை ஒரு கடி கடித்துவிட்டு எழுந்து தெருவரை ஓடினார். சௌந்தர்யா முழுதாகத் தின்று எலும்பை வைத்தாள். சம்மு கைதட்டினாள், முட்டை அட்டையைத் தூக்கி அவள் மடியில் வைத்தாள். எல்லோருக்கும் கண் சிவந்திருந்தது. எனக்கு மட்டும் இல்லை.

பின்புறக் குழாயடியில் அவள் கை கழுவும்போது நான் தட்டுகளோடு போனேன்.

"என் தட்டுல ஒறப்பே இல்ல புள்ள."

"உனக்கு வயித்துல…"

"தெரியுது. அதுக்குத்தான்னு தெரியுது." முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டாள். "லெட்டர் உனக்குத்தான?"

கையிலிருந்த தட்டு நழுவியது. அவளே குனிந்து எடுத்தாள்.

"உம் பைல சர்டிபிகேட்டப் பாத்தேன். எங்கிட்ட யாரும் கேக்கல, அப்பப் புரிஞ்சுது. அதுக்கு நான் அழுவல. ரெண்டுல ஒருத்தர்தான்னு முதல் நாளே சொன்னாங்க. ஒவ்வொரு ரெக்கையாத் தின்னுட்டு உம் மூஞ்சியப் பாத்தேன். இப்பச் சொல்லுவ, இப்பச் சொல்லுவன்னு. எனக்குன்னு தனியாக் கொழம்பு காச்சத் தெரியுது. இதச் சொல்லத் தெரியல."

நான் என்ன சொன்னேன்? ஒன்றும் சொல்லவில்லை. அப்போதும்.

மற்றவர்களுக்கு அம்மா நாட்டுக்கோழிக் குழம்பு ஊற்றியது. சௌந்தர்யாவுக்குக் கேட்காமலேயே தயிர்சோறு பிசைந்து வைத்தது. நாலரை பஸ்ஸில் போனாள், முட்டை அட்டை மடியில். உடையாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு. அதனால் கையாட்டவில்லை என்று நினைத்துக்கொள்கிறேன்.

அக்டோபர் 21, திங்கள்

லெட்டரை மேசையில் என் பக்கம் தள்ளினார் சார். நான் எடுக்கவில்லை.

"சார், அந்த ஞாயித்துக்கிழமை விசயம்… அது சௌந்தர்யா பேச்சு இல்லீங்க. எனக்குத்தான் சிரமமா இருந்துச்சு. நான்தான் பஸ்ல சொன்னேன். எனக்காகத்தான் அவ கேட்டா. நீங்க கேட்டப்ப நான் இல்லைன்னு பொய் சொன்னேனுங்க."

சார் பேனாவை மூடி வைத்தார். "அதுக்கு இப்ப என்னங்கறீங்க?"

"அவளக் கேள்வி கேக்கறவன்னு அனுப்பறீங்க. அந்தக் கேள்வி என்னுதுங்க."

லெட்டரை மடித்து மேசை இழுப்பறைக்குள் போட்டார். கோபப்படவில்லை, சலித்துக்கொண்டார். "நீங்களும் இப்படித்தானா? செரி, இன்னும் ஆறு மாசம் டிரெய்னியாவே இருங்க. அப்பறம் பாக்கலாம். அந்தப் பொண்ணு விசயம் முடிஞ்சது முடிஞ்சதுதான்."

ஆக, அவளுக்கும் இல்லை, எனக்கும் இல்லை. யாருக்கு என்ன லாபம்? அப்பா மில்லில் எல்லோரிடமும் சொல்லிவிட்டாராம்.

சௌந்தர்யாவிடம் இதைச் சொல்லவில்லை. சொன்னால் கூலி கேட்பது போல இருக்கும்.

அக்டோபர் 22, செவ்வாய்

பூச்சாட்டியாயிற்று. ரசம்கூடத் தாளிக்கவில்லை. வாய்க்கு எதுவும் பிடிக்காததால் வித்தியாசம் தெரியவில்லை.

அக்டோபர் 30, புதன்

அவளுக்குக் கடைசி நாள். தீபாவளிக்காக எல்லோருக்கும் இனிப்புப் பெட்டி கொடுத்தார்கள், அவளுக்கும். "வாரேன்" என்று எல்லோரிடமும் சொன்னாள். என்னிடமும் அதே அளவுக்குத்தான். பஸ்ஸில் இரண்டு வரிசை முன்னால் உட்கார்ந்தாள்.

நவம்பர் 10, ஞாயிறு

ஆபீஸ். இருவர் வேலையும் நானே.

நவம்பர் 18, திங்கள்

சேலத்தில் ஒரு துணிக் கம்பெனி ஆபீஸில் சௌந்தர்யா சேர்ந்துவிட்டாளாம். சம்மு சொன்னாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "உன் லெட்டர டைப் அடிச்சதும் நான்தான். அதக் கிழிச்சுட்டு ஆறு மாச லெட்டர் அடிச்சதும் நான்தான். ஏன்னு சார் எங்கிட்டச் சொன்னாரு. நான் அவகிட்டச் சொல்லிட்டேன், திட்டாத" என்றாள்.

திட்டவில்லை. திட்டவும் தெம்பு வேண்டுமே.

நவம்பர் 27, புதன்

காலையில் ராசிபுரம் பஸ் ஸ்டாண்ட். நான் நாமக்கல் பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். எதிரே சேலம் பஸ்ஸின் படியில் ஒரு காலை வைத்திருந்தாள் அவள். பார்த்துவிட்டாள். தலையைத் திருப்பிக்கொள்வாள் என்று நினைத்தேன். படியிலிருந்து காலை எடுத்துவிட்டு இந்தப் பக்கம் நடந்து வந்தாள். கொஞ்சம் இளைத்திருக்கிறாள்.

"லூசா புள்ள நீ? கைல வந்த லெட்டர ஆராச்சும் வேண்டாம்பாங்களா?"

"வேண்டாம்னு சொல்லல. நடந்ததச் சொன்னேன்."

"அதான் லூசுங்கறேன்." பையைத் தோளில் ஏற்றிக்கொண்டாள். "எங்கிட்ட ஏன் சொல்லல?"

"ஞாயித்துக்கெழம சொல்லாதவ, செவ்வாக்கெழம வந்து சொன்னா நல்லாவா இருக்கும்?"

சேலம் பஸ்ஸில் விசில் கேட்டது. அவள் அசையவில்லை. கண்டக்டர் எட்டிப் பார்த்தார், போங்கள் என்று கையைக் காட்டினாள். அந்தப் பஸ் போனது. பின்னாலேயே என் பஸ்ஸும் வந்தது, நின்றது, போனது. புது ஆபீஸில் ஞாயிறு லீவாம். மாத்திரை மாற்றிக் கொடுத்திருக்கிறார்களாம். அங்கேயும் முதல் வாரமே ஏதோ கேட்டுவிட்டாளாம். நான் என் பங்குக்கு எவ்வளவு பேசினேன் என்று இப்போது யோசித்தால் எனக்கே ஆச்சரியமாக இருக்கிறது.

ஆபீஸுக்கு முக்கால் மணி நேரம் லேட். சார் வாசலிலேயே நின்றிருந்தார்.

"என்னம்மா, பஸ் இல்லையா?"

"இருந்துச்சுங்க சார். பேசிட்டு இருந்துட்டேன்."