திரும்பி வந்த மெத்தை

கரையான்சாவடி
11.2.2025

ஜெயா,

நலமா என்று விசாரிக்கிற மனநிலையில் நான் இல்லை. நீயும் பாப்பாவும் நன்றாக இருக்க வேண்டும், அது எப்போதும் உண்டு. மற்றதெல்லாம் கோபம்தான்.

காலையில் நம் கடை ஆள் வேம்புலியிடம் ஆட்டோவில் உனக்கு மெத்தை ஏற்றி அனுப்பினேன். பதினோரு மணிக்கு மெத்தையோடு திரும்பி வந்து நிற்கிறான். "இன்னாடா?" என்றால், "வாணாம்னு சொல்ட்டாங்கண்ணே, வாசல்லயே" என்கிறான். கடையில் நாலு கஸ்டமர். எதிரே பீரோ கடை நஜீர் பாய் வாசலில் நின்று பார்த்துவிட்டு, "இன்னா தமிழு, மாமியார் ஊட்ல சைஸ் பத்தலியா?" என்று கேட்கிறார். உனக்கென்று நானே பக்கத்தில் நின்று தைக்க வைத்த மெத்தை அது.

பூந்தமல்லியிலிருந்து வேலப்பன்சாவடி வரைக்கும் முழுகாமல் இருக்கிற பெண்கள் என் கடைத் தலையணையில்தான் தூங்குகிறார்கள். என் பெண்டாட்டி ஆபரேஷன் பண்ணின வயிற்றோடு தரையில், கோரைப்பாயில். பதினோராம் நாள் பேர் வைக்க வந்தபோது அதைப் பார்த்துத்தான் உன் அம்மாவிடம் கத்தினேன். இந்தப் பாயை எடுக்கிற வரைக்கும் இந்த வாசற்படி மிதிக்க மாட்டேன் என்றேன். சொன்னது சொன்னதுதான். போன் பண்ணினால், பிள்ளை பெற்றவள் நாற்பது நாள் போனைப் பார்த்தால் கண் போய்விடும் என்று பீரோவில் வைத்துப் பூட்டியிருக்கிறார்களாம். காகிதத்தைப் பார்த்தால் போகாது இல்லையா? அதனால் எழுதுகிறேன்.

வியாழக்கிழமை வேம்புலி மறுபடி வருவான். மெத்தை உள்ளே போக வேண்டும். உன் அம்மா தடுத்தால் ஊரே கேட்கிற மாதிரி நான் பேச வேண்டி வரும்.

தமிழரசு


பாரிவாக்கம்
13.2.2025

பாப்பாவோட அப்பாவுக்கு,

இங்க எல்லாரும் சௌக்கியம். பாப்பா பால் குடிக்கிறா, தூங்கறா, அழறா, அந்த வரிசையில.

மெத்தையைத் திருப்பி அனுப்பினது அம்மா இல்ல. நான். இன்னிக்கும் நான்தான் வேணாம்னேன். வேம்புலி ரெண்டு தடவை கேட்டாரு, "மெய்யாலுமா அண்ணி?"ன்னு. மெய்யாலும்தான்.

அம்மாவைத் திட்டாதீங்க. என் ரெண்டு கையையும் பிடிச்சுத் தூக்கி உட்கார வைக்கிறது அவங்கதான். அவங்க கட்டிலையே எனக்குக் கொடுத்தாங்க. நான்தான் பாயைக் கேட்டு வாங்கினேன்.

பாப்பாவுக்குக் கீழே ரப்பர் ஷீட், மேல எங்க அப்பாவோட பழைய வேட்டியை நாலா மடிச்சது. தலை உருண்டையா வரணும்னு அம்மா கடுகுத் தலையணை தைச்சாங்க, நர்ஸ் வேணாம்னதும் எடுத்துட்டோம். வேட்டி காயறதுக்குள்ள அடுத்தது நனையுது. உங்க பழைய வேட்டி இருந்தா அனுப்புங்க. துவைச்சுத் துவைச்சு நைஞ்சதா இருக்கணும். புதுசு உறுத்தும்.

ஜெயப்பிரியா


கரையான்சாவடி
16.2.2025

ஜெயா,

என் பெண்ணுக்குக் கந்தல் அனுப்புகிறவன் நான் இல்லை. பத்து வேட்டி, புதுசு, அனுப்பியிருக்கிறேன்.

நீதான் திருப்பினாயா? அப்படியென்றால் இன்னும் மோசம். மாமியார் என்றால் ஏதோ பழைய காலத்து மனுஷி என்று விட்டிருப்பேன். மெத்தையில் என்ன குறை என்று சொல். பஞ்சு கட்டி தட்டியிருக்கிறதா? உறை அரிக்கிறதா? எந்தக் கஸ்டமரும் காரணம் சொல்லாமல் சரக்கைத் திருப்புவதில்லை.

நான் உன்னைக் கவனிக்கவில்லையா? ஆறாம் மாதம் இடுப்பு வலி என்றாய். இந்தப் பக்கம் யாரும் கண்ணால் பார்க்காத நீளத் தலையணையை உனக்குத்தான் முதலில் கொண்டு வந்தேன். இன்றைக்கும் வருகிற பெண்கள், "அக்கா எங்க? அவங்க படுத்துக் காட்டினாத்தான் புரியும்" என்று கேட்கிறார்கள். நீ இல்லாமல் கடை கடை மாதிரி இல்லை. இதை நேரில் சொல்லியிருக்க மாட்டேன்.

கடையின் முன் கண்ணாடிக்கு உள்ளே, ரோட்டிலிருந்து தெரிகிற மாதிரி, புதிதாகச் சின்னக் கட்டில் ஒன்று போட்டிருக்கிறேன். குட்டி மெத்தை, கொசுவலை, பக்கத்தில் உன் தலையணை. மூன்றாம் மாதம் நீங்கள் வருகிற அன்று பாப்பாவை அதில் ஐந்து நிமிஷம் கிடத்தினால் போதும். போட்டோ எடுப்பவரிடமும் சொல்லிவிட்டேன். அப்புறம் மாடியில் நம் வீட்டுக்குப் போய் நீ எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் தூங்கு.

தமிழரசு


பாரிவாக்கம்
20.2.2025

உங்களுக்கு,

பாப்பாவை அந்தக் கட்டில்ல போட மாட்டேன். அஞ்சு நிமிஷம் இல்ல, அரை நிமிஷம்கூட. இதை மொதல்லயே எழுதிடறேன். நீங்க முதல் வரியையும் கடைசி வரியையும்தான் படிப்பீங்க.

வேட்டி வந்துச்சு. கஞ்சி மொடமொடப்புல பாப்பா தொடை சிவந்துடுச்சு. இப்போ என் தம்பி பாண்டியன் கட்டிக்கினு சுத்தறான்.

காரணம் கேட்டீங்க. ஆறாம் மாசம் அந்தத் தலையணை வந்த அன்னிக்கு, இடது பக்கமா ஒருக்களிச்சு, முட்டிக்கு நடுவுல ஒரு முனை, வயித்துக்குக் கீழே ஒரு முனைன்னு வெச்சுக்கினு காலை வரைக்கும் தூங்கினேன். ஒரு மாசத்துல அதான் முதல் தூக்கம். உங்களை நினைச்சுப் பெருமையா இருந்துச்சு. மறுநாள் தலையணை கீழே கடைக்குப் போச்சு. பின்னாடியே நானும், வர்றவங்களுக்குப் படுத்துக் காட்ட.

நான் மாட்டேன்னு சொல்லல, அதையும் ஒத்துக்கறேன். வர்ற பொண்ணுங்களுக்கு எப்படிப் புரளணும், எப்படிக் கையை ஊனி ஒரு பக்கமா எழுந்திருக்கணும்னு சொல்லித் தர்றது எனக்கே பிடிச்சிருந்துச்சு. பொம்பளைங்க மட்டும்தான், திரை போட்டுடலாம்னீங்க. ஒரு வாரத்துல நீங்களே கழட்டினீங்க. திரை இருந்தா ரோட்டுல போறவங்களுக்கு எப்படித் தெரியும்னீங்க.

எட்டாம் மாசம் ஒருநாள் மதியம், சாப்பிட்ட அசதியில கண்ணாடிக்குப் பின்னால நெசமாவே தூங்கிட்டேன். முழிப்பு வந்தப்போ சுத்தி ஆளுங்க. கண்ணைத் திறக்கல. "மெய்யாலுமே தூங்குதா, சும்மா ஆக்ட்டா?"ன்னு ஒரு ஆம்பளைக் குரல். "சத்தம் போடாதீங்க சார், கிட்ட வந்து நீங்களே பாருங்க"ன்னு உங்க குரல். அப்புறம் முந்தானை நகர்ந்துச்சு. வயித்து மேல உங்க அளவு டேப்பு. தலையணைக்கும் வயித்துக்கும் நடுவுல எவ்ளோ இடம்னு அளந்து காட்டினீங்க. "கொஞ்சம்கூட தொங்கல, பாத்தீங்களா?"

அப்போ பாப்பா உதைச்சா. "உள்ள கீறவங்களே சரின்றாங்க"ன்னீங்க. எல்லாரும் சிரிச்சாங்க.

நான் முழிச்சுக்கினுதான் இருந்தேன். கண்ணைத் திறந்தா அந்த மூஞ்சிங்களைப் பார்க்கணுமேன்னு திறக்கல. எல்லாரும் போற வரைக்கும் செத்தவ மாதிரி கிடந்தேன். மேல வந்து உங்களுக்குச் சோறு போட்டேன். "இன்னிக்கு நல்ல யாவாரம்"னு சொல்லி இன்னொரு கரண்டி குழம்பு கேட்டீங்க.

அன்னியிலேருந்து மெத்தையில படுத்தா, பக்கத்துல யாராவது நிக்கறாங்களான்னு காது கேட்டுக்கினே இருக்கு. ஆஸ்பத்திரிக் கட்டில்லயும் அப்படித்தான். இங்க சுவரோரம் பாய். கதவுக்குக் குறுக்கே அம்மா படுக்கறாங்க. தூக்கம் வருது.

அந்தக் கண்ணாடிக் கட்டிலை எடுக்கறீங்களா, இல்லையா? அதுக்கு மட்டும் பதில் எழுதுங்க.

ஜெயப்பிரியா


கரையான்சாவடி
24.2.2025

ஜெயா,

முழுக் கடிதமும் படித்தேன், நடு வரிகள் உள்பட. கிழித்துப் போடத்தான் கை போனது.

யாருக்காகச் செய்தேன்? சைக்கிளில் இலவம்பஞ்சு மூட்டை கட்டிக்கொண்டு ஆவடி, அம்பத்தூர் என்று வாசல் வாசலாகப் பழைய மெத்தை பிரித்து அடித்தவன் நான். மூக்கு, காது, கண் இமை எல்லாம் பஞ்சு. தெருவே வேடிக்கை பார்க்கும். எனக்கு யாரும் திரை கட்டவில்லை. வியாபாரம் என்றால் நாலு பேர் பார்க்கத்தான் செய்வார்கள், இதில் என்ன பெரிய அவமானம் என்று உனக்குக் காட்டிவிட வேண்டும் என்று சனிக்கிழமை நானே கண்ணாடிக்குப் பின்னால் படுத்தேன். உன் இடம், உன் தலையணை. சட்டையைக் கழற்றிவிட்டு. சும்மா சொல்லவில்லை, வேம்புலியைக் கேள்.

அரை மணி நேரம் என்று நினைத்துக்கொண்டேன். பத்து நிமிஷத்தில் கூட்டம். நஜீர் பாய், "இன்னா தமிழு, எத்தினியாவது மாசம்?" என்றார். நானும் சிரித்தேன். பிறகு, நீ தூங்கினாயே, அதே மாதிரி இருக்கட்டும் என்று கண்ணை மூடினேன். மூடியதும் எல்லாம் மாறிவிட்டது. யார் எவ்வளவு பக்கத்தில் நிற்கிறார்கள் என்று தெரியவில்லை. யாரோ மூச்சு விடுவது காதருகே கேட்டது. எவனோ ஏதோ குச்சியால் என் தொப்புளைத் தொட்டான். விளையாட்டுக்குத்தான், தெரிந்தவனாகத்தான் இருப்பான். எழுந்து முன்னால் நின்றவனை அடிக்கப் போய்விட்டேன். வேம்புலி இடுப்பைப் பிடித்து இழுத்தான். "அண்ணே, இவரு அட்வான்ஸ் குட்த்த பார்ட்டிண்ணே" என்கிறான்.

எல்லாரையும் வெளியே தள்ளி ஷட்டரை இறக்கிவிட்டு உள்ளே உட்கார்ந்திருந்தேன். அன்றைக்கு டேப்பைப் பிடித்தது இந்தக் கைதான். உன் வயிறு எப்படி இருந்தது என்று யோசித்தேன். நினைவில்லை. பார்த்தவர்கள் முகம் ஒவ்வொன்றும் நினைவிருக்கிறது. யார் வாங்குவார்கள் என்று அவர்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

கட்டிலை எடுத்துவிட்டேன். போட்டோ வேண்டாம் என்றும் சொல்லிவிட்டேன். உன் அம்மாவிடம் மன்னிப்புக் கேட்க வர வேண்டும், வரலாமா என்று கேட்டு எழுது. பாயைப் பற்றிப் பேச மாட்டேன்.

கோபம் இன்னும் இருக்கிறது. யார் மேல் என்றுதான் சரியாகச் சொல்ல முடியவில்லை. மூன்றாம் மாதம் வந்துவிடு.

தமிழரசு


பாரிவாக்கம்
6.3.2025

பாப்பாவோட அப்பாவுக்கு,

நாப்பது நாள் முடிஞ்சு தலைக்கு ஊத்தியாச்சு. போனும் கைக்கு வந்துடுச்சு. இருந்தாலும் எழுதறேன். போன்ல பேசினா நீங்க என்னை முடிக்க விட மாட்டீங்க.

நஜீர் பாய் கேட்டதைப் படிச்சுக் காட்டினப்போ அம்மா சிரிச்சுட்டாங்க. எனக்குச் சிரிப்பு வரல. முகம் நினைவிருக்கு, வயிறு நினைவில்லன்னு எழுதினீங்களே, அதை மட்டும் திருப்பித் திருப்பிப் படிச்சேன். பொய் எழுதலைன்னு தெரிஞ்சுது. கட்டிலை எடுத்ததும் சரி.

ஆனா நீங்க நினைச்ச அரை மணி நேரம் ஆகறதுக்குள்ள எழுந்துட்டீங்க. கையை ஓங்கினீங்க. ஷட்டரை இறக்கினீங்க. சாவி உங்க இடுப்புல இருந்துச்சு. அது உங்க கடை, உங்க கண்ணாடி. நான் மேல படுக்கப் போகணும்னாலும், பால் வாங்கத் தெருவுக்குப் போகணும்னாலும் அதைத் தாண்டித்தான் போகணும்.

அதனால மூணாம் மாசம் நான் வரல. இது கோபத்துல எழுதினது இல்ல. கோபம் இருக்கு, அது ஒரு பக்கம் இருக்கட்டும்.

ஞாயித்துக்கிழமை வாங்க. பாப்பாவைப் பாருங்க. தூக்கத்துல உங்களை மாதிரியே புருவத்தைச் சுருக்கறா, ஏதோ பேரம் படியாத மாதிரி. அம்மாகிட்ட நீங்களே பேசிக்கோங்க, நடுவுல நான் வர மாட்டேன். கையில எதையும் கொண்டு வராதீங்க.

அப்புறம் கடைக்கு மேல இல்லாம வேற ஊடு ஒண்ணு பாருங்க. இந்தப் பக்கமானாலும் சரி, வேலப்பன்சாவடியானாலும் சரி. சின்னதே போதும். மெத்தை, தலையணை நான் பார்த்து வாங்கிக்கறேன், வேற கடையில. படுக்கிற ரூமுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் இருக்கணும். நான் உள்ள போய் அதைப் போட்டுக்கறேன், நீங்க வெளியிலேருந்து தள்ளிப் பாருங்க. திறக்கலைன்னா அட்வான்ஸ் கொடுங்க.

ஜெயா