ஊதா விளக்கில் மூன்று கோடுகள்

சனிக்கிழமை, பூஜை லீவு முடிந்த முதல் நாள்.

காலையில் இருட்டறையில் ஊதா விளக்கைப் போட்டேன். ராக்கெட் எஞ்சினுக்காக எங்கள் பெருங்களத்தூர் பட்டறை முதன்முதலாகச் செய்த டைட்டானியம் வளையம். விரிசல் இருந்தால், நாங்கள் தடவும் சாயம் அதற்குள் இறங்கி அந்த விளக்கில் மஞ்சள்பச்சையாக ஒளிரும். மூன்று கோடுகள் ஒளிர்ந்தன. இது தேறாவிட்டால் அடுத்த ஆர்டர் கிடையாது என்று முதலாளி சொல்லியிருந்தார்.

பார்த்துக்கொண்டே இருந்தபோதுதான் உறைத்தது. விரிசல் இப்படி விரல் அகலத்தில், வரிசையாக ஓடாது. மிஷின் ஓட்டும் செல்வம் அண்ணாவைக் கூப்பிட்டேன்.

"ஆயுத பூஜைக்கு மிஷினுக்கெல்லாம் மஞ்சள் பூசினேன் மேடம். மேல போகப் போறது இதுதானே, இத்த மட்டும் எப்படி வுடறது? அப்பவே துணியால தொடச்சிட்டேனே."

மஞ்சளும் அந்த விளக்கில் ஒளிரும் என்று படித்திருக்கிறேன். இன்றுதான் பார்த்தேன். கோபத்தில் கத்திவிட்டேன். பிறகு நானே நன்றாகக் கழுவி, மறுபடியும் சாயம் தடவி விளக்கைப் போட்டேன். ஒரு கோடும் இல்லை. அப்பாடா! தேறியது என்று ரிப்போர்ட்டில் எழுதினேன்.

அண்ணா வாசலிலேயே நின்றார். "மொத்தமா கழுவிட்டீங்க. இனி பூஜை பலிக்குமா மேடம்?"

"பலிக்கும் அண்ணா, போங்க."

வளையத்தைப் பெட்டியில் வைக்கும்போது, வழக்கம்போல அதன்மேல் கை வைத்து ஜெபித்தேன். நல்லவேளை, ஜெபம் அந்த விளக்கில் தெரியாது.