பதினெட்டு வயதில் வரச் சொன்ன டொக்டர்

நெடுந்தீவு
8.3.1992

அன்பு அத்தானுக்கு,

மகளின் படம் கேட்டிருந்தீர்கள். எடுக்க அவள் சம்மதிக்கவில்லை.

தை மாதம் அவளுக்குப் பதினெட்டு முடிந்தது. தாடை வளர்ந்து முடிந்தபின், முன்னுக்குத் தள்ளி நிற்கும் கீழ்த்தாடையை வெட்டிச் சரிசெய்யலாம் என்று யாழ்ப்பாணத்து டொக்டர் சொன்னாரல்லவா? இப்போது யாழ்ப்பாணத்துக்கு வள்ளம் போகக் கடற்படை விடுவதில்லை. அந்த டொக்டரும் வெளிநாடு போய்விட்டாராம்.

நேற்றுச் சாப்பாட்டு நேரம், "அடுத்த வருசம் எப்பிடியும் போவம், பிள்ளை" என்றேன்.

"பொய் சொல்லாதேங்கோ அம்மா. இனி ஒண்டும் செய்ய ஏலாது" என்றாள். பிறகு, "நான் சாப்பிடேக்க நீங்கள் ஏன் மற்றப் பக்கம் பாக்கிறனீங்கள்?" என்று கேட்டாள்.

அப்போதும் நான் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். எத்தனை வருடமாக அப்படிச் செய்கிறேனோ, தெரியவில்லை.

இன்று அவள் சோற்றுக் கோப்பையைக் குசினிக்குள் கொண்டுபோய், கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிட்டாள்.

உங்கள் மனைவி