பஸ்தியானுக்குக் கொடுத்த தேநீர்

செவ்வாய்க்கிழமை, இரவு

போன மாதம் எங்கள் வலையை வெட்டிவிட்ட பஸ்தியானை இன்று காலை என் வீட்டுக்காரரே கடலிலிருந்து இழுத்துக்கொண்டு வந்தார். எஞ்சின் நின்றுபோய், அவனுடைய படகு கச்சான் காற்றில் இழுபட்டுக்கொண்டிருந்ததாம். இவர் பூசைக்கே போகாத மனிதர். இன்றைய மீன்பிடியை விட்டுவிட்டுப் போய்க் கயிறு எறிந்திருக்கிறார்.

பஸ்தியான் எங்கள் வாசலில் நடுங்கிக்கொண்டு நின்றான்.

"அவனுக்கு ஒரு பிளேன்டீ குடு," என்றார் இவர்.

குசினிக்குள் எனக்குக் கை ஓடவில்லை. கடலே அவனுக்குப் பாடம் படிப்பிக்க வேண்டும் என்றுதான் ஒரு மாதமாகச் செபமாலை முடிவில் கேட்டுவந்தேன். தலவிலக் கோயிலுக்குப் போனபோது புனித அன்னம்மாளிடமும் அதையே கேட்டேன்.

தேநீரை நீட்டினேன். "அக்கா, அந்த வலை..." என்று தொடங்கினான்.

"முதல்ல குடி," என்றேன். கோபத்தில்தான் சொன்னேன். அவன் அழுதுவிட்டான்.

அவன் போனபிறகு இவரிடம் கேட்டேன். "அவன் செய்தது ஞாபகம் வரேல்லையா?"

"வந்தது. கொஞ்ச நேரம் சும்மா பாத்துக்கொண்டுதான் நிண்டன்."

"பிறகு?"

"அவன் என்னைக் கூப்பிடவே இல்லை. கூப்பிட வெக்கப்பட்டுக்கொண்டு இருந்தான். அதைப் பாக்க ஏலாமப் போச்சு."

இவர் தூங்கிவிட்டார். செபத்தில் நான் கேட்டுவந்ததை ஞாயிற்றுக்கிழமை பாவசங்கீர்த்தனத்தில் பாதரிடம் சொல்லிவிடுவேன். அது பெரிய காரியமில்லை. இவரிடம் எப்படிச் சொல்வதென்றுதான் தெரியவில்லை.